நெஞ்சை விட்டு வெளியே

சிங்காரத்தின் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் ரொஹானாவின் அடுப்புக்கு மேலே சொட்டத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. வேறு யார் வீட்டுத் தண்ணீர் சொட்டியிருந்தாலும் அது ஒரு செய்தியே இல்லை. செம்பாக்கா அடுக்குமாடியின் மூன்று பிளாக்கிலும் யார் வீட்டிலாவது எதுவாவது எப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். சொட்டினால் எல்லாரும் சிங்காரத்தைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சிங்காரம் வீட்டிலிருந்தே சொட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று பிறை ஊர் முழுக்கத் தேடினாலும் பதில் கிடைக்காது.

ரொஹானா பி பிளாக் இரண்டாம் மாடி. மலாய்க்காரி, எங்களுக்கெல்லாம் 'காக்', அதாவது அக்கா. அவளுக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் சிங்காரம். அவருக்குப் பக்கத்து வீடு நான். தொழிற்சாலையில் எனக்கு ராத்திரி வேலை என்பதால் பகலில் நடக்கும் சண்டை சமாதானம் எல்லாம் என் தூக்கத்தின் மேல்தான் நடக்கும். அன்றும் அப்படித்தான் எழுந்து வந்தேன்.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று சிங்காரத்தின் வாசலில் நின்று ரொஹானா மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஆச்சு காக். என்னா விசயம்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. எங்க அடுப்பு மேல தண்ணி சொட்டுது."

"மழையா இருக்கும்."

"மழை உங்க வீட்ட நனைக்காம எனக்கு மட்டும் எப்படி அண்ணே வரும்? லிஃப்டுல ஏறி வருதா?"

சிங்காரம் தாடையைச் சொறிந்தார். "வெளிச்சுவருல வெடிப்பு இருக்கும். சுவர் வழியா இறங்கும்."

"எங்க இறங்கினாலும் பரவால்ல. சட்டிக்குள்ள இறங்குது. ஞாயித்துக்கெழமை மாப்பிள்ள வீட்டுக்காரங்க நாப்பது பேரு வர்றாங்க. அந்த அடுப்புலதான் நான் ரெண்டாங் கறி வைக்கணும். மேலேருந்து உங்க குளிச்ச தண்ணி விழுந்தா நான் என்னான்னு சொல்லிப் பரிமாறுறது?"

அவள் மகள் நூருலுக்கு நிச்சயம். அன்று போடுவதற்கான சட்டையைச் சிங்காரத்தின் மனைவி தவமணிதான் தைத்துக்கொண்டிருந்தாள். இளம்பச்சைத் துணி வாசலிலிருந்து பார்த்தாலே மிஷின் மேல் விரிந்து கிடப்பது தெரிந்தது. துணியைப் பார்த்ததும் ரொஹானாவின் குரல் தணிந்தது. "இன்னிக்கே பார்த்துடுங்க அண்ணே. இனிமே ஒழுகினா நான் மேல ஏறி வர மாட்டேன். முட்டி வலி. மாப்புக் கம்பால மேல தட்டுவேன். புரிஞ்சுக்குங்க."

சிங்காரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வருசப் பிளம்பர். வாய் கொஞ்சம் நீளம். கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் மற்ற பிளம்பர்களை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் எழுவார். "ஜாயிண்டுக்கு வெள்ளை டேப்பு சுத்தத் தெரியாதவனெல்லாம் பிளம்பரா? பைப்பு மரை மேல வச்சு நெஞ்சை விட்டு வெளிய தள்ளு. பன்னெண்டு சுத்து. அவ்ளோதான் வித்தை. நான் போட்ட ஜாயிண்டு ஒழுகுற அன்னிக்கு இந்தப் பெட்டியத் தூக்கிப் பிறை ஆத்துல போட்டுட்டு மூலையில உக்காந்துடுவேன் லா" என்பார். நான் கேட்டே இருபது தடவை இருக்கும். ஒழுகியதில்லை என்பதும் உண்மைதான். அதனால் அந்த வாயை எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. லேசானதுதான் என்றார்கள். பேச்சு, நடை எல்லாம் பத்து நாளில் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. ஸ்பேனரைப் பிடித்தால் அது தானாக நழுவிக் கீழே விழும். சாப்பிட மட்டும் பிடிவாதமாக வலது கையையே வைத்துக்கொண்டு, பாதிச் சோற்றைத் தட்டுக்கே திருப்பிக் கொடுப்பார். மற்ற எல்லா வேலையையும் இடது கைக்கு மாற்றினார். இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து பழைய பைப்புகளைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக அந்தக் கையைப் பழக்கினார். நான் தூங்கப் போகும் நேரமெல்லாம் இரும்பு உருளும் சத்தம். சத்தியமாக எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்டில் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். முதல் வேலை தன் வீட்டில்தான். குளியலறைச் சுவரில் இருந்த பழைய பைப்பை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போனார். ஒரே ஒரு புதுப் பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் குளியலறையோ சமையலறையோ, கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார். வலது கை நடுங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு வாசரை மாற்றினார். பழைய ரப்பர் வாசரை என்னிடம் காட்டி, "பார்த்தியா பரமா, நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் மாத்திட்டேன்" என்றார். சாயங்காலம் கீழே இருந்து மாப்புக் கம்பு தட்டியது. புதன்கிழமை தரைக் கல்லின் இடுக்குகளை எல்லாம் சுரண்டி வெள்ளை சிமெண்டு பூசினார். பூச்சு காயட்டும் என்று அன்று முழுக்கச் சிங்காரமும் தவமணியும் என் வீட்டில் வந்து குளித்தார்கள். அதுவரை தட்டல் இல்லை. வியாழன் காலையில் தங்கள் வீட்டில் பைப்பைத் திறந்தார்கள். கம்பு மூன்று தரம் தட்டியது. மூன்றாவது தட்டு கொஞ்சம் பலமாகவே இருந்தது.

"ஜாயிண்டா இருக்குமோ அண்ணே?" என்று வாயைக் கொடுத்தேன்.

"எது? நான் போட்ட ஜாயிண்டா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காத. போயித் தூங்கு."

ஆனாலும் அன்று மத்தியானம் பைப்பைக் கழற்றிப் புது டேப்பைச் சுற்றி மாட்டினார். பன்னிரண்டு இல்லை, இருபது சுற்று என்று அவரே சொன்னார். கதவு சாத்தித்தான் இருந்தது. சாயங்காலம் கம்பு தட்டியது.

அன்று தவமணி அண்ணி நடைபாதையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மழை மேகம் இறங்கி நிற்கிறது, அவள் பாட்டுக்குத் துணியைக் காயப்போடுகிறாள். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்று தையல் அளவு எழுதும் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மார்பளவு, கை நீளம் எதுவும் அதில் இல்லை. சி-1-4 சிங்க். ஏ-5-2 குளியலறை. ஏ-2-9 வாசிங் மிஷின் பைப்பு. இப்படியே ஒன்பது வீடுகள்.

"ஆகஸ்டுலேருந்து அவரு கை வச்சது பதினாலு வீடு. ஒன்பது வீட்டுலேருந்து ஒழுகுதுன்னு போன் வந்துடுச்சு. போன் எங்கிட்டதான இருக்கு. நான் அவருகிட்ட சொல்லவே இல்ல."

"அவங்ககிட்ட என்னா சொன்னீங்க?"

"ஈப்போவுல அக்கா வீட்டுக்குப் போயிருக்காரு, வந்ததும் வருவாருன்னு. கீழ கடையில உக்காந்து கோப்பி குடிக்கிற மனுசன எத்தன நாளைக்கு ஈப்போவுல இருக்காருன்னு சொல்றது?"

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"கை போனா போவட்டும் தம்பி. நான் தைக்கிறேன், ரெண்டு பேரு சாப்பிடலாம். ஆனா கை போச்சுன்னு அவருக்குத் தெரிய வந்தா அவரு எந்திரிக்கவே மாட்டாரு. பெட்டிய ஆத்துல போடுறேன்னு சொல்றது வாய்ப் பேச்சு இல்ல. எனக்குத் தெரியும். அந்த மூலைகூட எதுன்னு எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் அந்த நாற்காலி. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த முதல் வாரம் முழுக்க அதுலதான் உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசல."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டாள். மழை வந்துவிட்டது. போட்ட துணியை எல்லாம் இருவருமாகத் திரும்ப எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை சிங்காரம் புதுக் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார். டேப்பு மட்டம். என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு, "விடு லா, அந்த ஆ லெங் கடைக்கு" என்றார். புரட்டாசி விரதம் வேறு. மூன்று வாரமாக மீன் வாசம் இல்லாத மனிதர். யாரையாவது கடித்தாக வேண்டும்.

ஆ லெங் தவுக்கே, அதாவது சீன முதலாளி, எங்கள் வட்டாரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். அறுபது வயதுக்கு மேல். கால்சட்டையும் பனியனுமாக விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"தவுக்கே, என்னா டேப்பு இது? பிள்ளைங்க பலூன் கட்டுறதா? இருவது சுத்து சுத்தியும் ஒழுகுது."

"சிங்காரம், இது நீ இருவது வருசமா வாங்குற அதே டேப்பு. அதே பெட்டி. அதே விலைதான் கேப்பேன், அதுக்கும் சண்டை போடுவ."

"அப்ப இல்ல, இப்ப மட்டமா வருது."

தவுக்கே ஒரு பைப்பை எடுத்தார். டேப்பைச் சுற்றினார். ஒரு எல்போ வளைவில் முறுக்கி ஏற்றி, மறுபடி கழற்றி, கல்லா மேஜை மேல் வைத்தார். டேப்பு மரையின் பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாரு. டேப்பு நல்லா இருக்கு. கொண்டா, நீ ஒண்ணு சுத்து. பார்ப்போம்."

சிங்காரம் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "நான் பரீட்சை எழுத வரல" என்று வெளியே வந்துவிட்டார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.  திரும்பும் வழியில் பிறைப் பாலத்தின் மேல் என் முதுகுக்குப் பின்னால் சிங்காரம் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன்.

சனிக்கிழமை. கீழே ரொஹானா வீட்டில் காலையிலிருந்தே தேங்காய் வறுக்கும் வாசம். ரெண்டாங்குக்கு லெங்குவாஸ் கிழங்கும் செரைப் புல்லும் இடிக்கும் சத்தம். ஜன்னல் வழியாக அந்த வாசம் மேலே ஏறி வந்து எங்கள் விரதத்தைச் சோதித்தது. பதினோரு மணிக்குச் சிங்காரத்தின் வீட்டில் மெயின் சுவிட்சு விழுந்து மின்சாரம் போனது. ஆகஸ்டிலிருந்து சுவருக்குள்ளேயே ஊறிய ஈரம் போய்ச் சுவிட்சைத் தொட்டுவிட்டது. நூருலின் சட்டைக்குக் கை தைப்பது மட்டும் பாக்கி. தவமணியின் மிஷின் நின்றுபோனது. அதே நேரத்தில் கீழே இருந்து கம்பு தட்டியது. இந்தத் தடவை ரொஹானா எண்ணிக்கையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

சிங்காரம் மெயின் வால்வை மூடினார். பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உடனே திறந்தார். ஜன்னல் இல்லாத குளியலறை. உள்ளே கும்மிருட்டு.

"பரமா, டார்ச்சைப் பிடி. பைப்புல மட்டும் அடி. என் கைய பார்க்காத."

"சரிண்ணே."

கையைப் பார்க்காமல் எப்படிப் பிடிப்பது? பார்த்தேன். இடது கை பரவாயில்லை. ஸ்பேனரை நன்றாகவே பிடித்தது. பைப்பு நாலு திருப்பில் கழன்று வந்தது. அடியில் இருந்த டேப்பு மரையில் இல்லை. எல்லாம் உரிந்து, கழுத்தருகே சேமியா உண்டைபோலச் சுருண்டு கிடந்தது. மரை வெறும் பித்தளையாகப் பளபளத்தது.

"மட்டமான டேப்புன்னு நான் சொன்னேன் பாரு" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை.

வேலை நின்றுபோன தவமணி பச்சைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பைப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னாங்க இது. தையல் மிஷின் பாபினைத் திருப்பிப் போட்டுட்டா அடியில நூலு கொத்திக்குமே, அந்த மாதிரி இருக்கு."

"இது ஒண்ணும் தையல் இல்ல."

"தையல் இல்லதான். ஒருக்கா சுத்துங்க, பார்ப்போம்."

நேற்றுத் தவுக்கே சொன்ன அதே வார்த்தை. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. போவதற்கு அந்தக் குளியலறையில் வழியும் இல்லை. வாசலில் அவள் நின்றாள். வலது கையில் பைப்பை நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டு, இடது கையால் டேப்பை மரை மேல் வைத்து, நெஞ்சை விட்டு வெளியே தள்ளிச் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"நில்லுங்க. பைப்ப மாட்டுறப்ப எந்தப் பக்கமாத் திருப்புவீங்க?"

ஸ்பேனரை எடுக்காமலே காற்றில் திருப்பிக் காட்டினார்.

"அப்ப டேப்பு?"

"டேப்பு நெஞ்சை விட்டு வெளிய. முப்பத்தஞ்சு வருசமா அப்படித்தான்."

"எந்தக் கையால முப்பத்தஞ்சு வருசம்?"

 தவமணி குளியலறைச் சுவரில் அவர் சவரம் செய்யும் கண்ணாடியைக் காட்டினாள். "தம்பி, அதுல வெளிச்சம் அடிங்க. இப்ப பாருங்க. கண்ணாடியில இருக்கிற ஆளு சரியாத்தான் சுத்துறாரு. நீங்கதான் தலகீழா சுத்துறீங்க."

கண்ணாடியில் பழைய சிங்காரம் இருந்தார். இடது கையில் பைப்பு, வலது கையில் டேப்பு, ஜூன் மாதத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே ஆள். அவர் சுற்றினால் ஒழுகாது. வெளியே நிற்கிற இவர் கையை மாற்றிவிட்டார், சுற்றை மாற்றவில்லை; இடது கையில் அதே 'வெளியே' மரைக்கு எதிர்ப்பக்கமாகிவிடுகிறது. மாட்டும்போது ஒவ்வொரு திருப்பும் அந்த டேப்பை இறுக்காமல் உரித்துக்கொண்டே போயிருக்கிறது. இருபது சுற்று சுற்றினால் இருபதும் உரியும். அவ்வளவுதான் விசயம். இடது கையில் ஒரு கோளாறும் இல்லை.

சிங்காரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சு என் கையில் கனத்தது.

"கதவச் சாத்தாம இருந்திருந்தா நான் ஆகஸ்டுலயே சொல்லியிருப்பேன்" என்றாள் தவமணி.

"நீ பிளம்பரா?"

"இல்ல. பிளம்பர் பொண்டாட்டி."

டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். இந்தத் தடவை நெஞ்சுக்கு உள்ளே. கை கேட்கவில்லை. இரண்டு சுற்று உள்ளே வரும், மூன்றாவது தானாக வெளியே ஓடும். "உள்ள, உள்ள" என்று தவமணி சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலு தடவை பிய்த்து எறிந்தார். வேர்த்து ஊற்றியது. ஐந்தாவது தடவை பன்னிரண்டு சுற்றும் உள்ளே வந்தது. மாட்டினார். கடைசித் திருப்பை இரண்டு கையும் சேர்த்துக் கொடுத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் வலது கையை மறைக்கவில்லை.

மெயின் வால்வைத் திறந்துவிட்டு மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கீழே கம்பு தட்டினால் தீர்ந்தது. கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. தவமணி கோப்பி கலக்கிக் கொண்டுவந்தாள், யாரும் குடிக்கவில்லை.

டொக், டொக், டொக்.

சிங்காரம் எழுந்து போய் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. தவமணி அவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஜன்னலில் தலையை விட்டுக் கீழே கத்தினேன். "காக், இன்னும் ஒழுகுதா?"

ரொஹானா தன் ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்தாள். "இல்ல லா. ஒரு சொட்டு இல்ல. அதைச் சொல்லத்தான் தட்டினேன்."

"ஒழுகாததுக்கு எதுக்கு காக் தட்டுறீங்க?"

"நல்லதுக்குத் தட்டக் கூடாதா? அண்ணன்கிட்ட தெரிமா காசி, ரொம்ப நன்றின்னு சொல்லு. தவமணிகிட்ட சட்டை எங்கன்னு கேளு."

சிங்காரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. இரண்டும்தான்.

தவமணி அப்போதே அந்த நோட்டை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். ஒன்பதையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"எத்தன நாளா?"

"ஒன்றரை மாசமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இந்த நாற்காலியில வந்து உக்காந்துடுவீங்க."

அவர் எழுந்தார். குளியலறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டார். தவமணி பின்னாலேயே ஓடி வந்தாள். "எங்கங்க போறீங்க?"

"சி பிளாக்குக்கு" என்றார்.

நானும் டார்ச்சோடு பின்னால் போனேன். தேவைப்படும் என்று இல்லை, பார்க்க வேண்டும் என்றுதான். சி-1-4 ஓய்வுபெற்ற தபால்காரர் இப்ராகிம் வீடு. சிங்குக்கு அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா பாதி நிரம்பி நின்றது.

"வாங்கண்ணே. ஈப்போவெல்லாம் எப்படி இருக்கு?"

சிங்காரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடி கூரையைப் பார்த்தேன்.

"ஈப்போவுக்குப் போவல இப்ராகிம். இங்கதான் இருந்தேன்."

"ஓ. சரி சரி. என்னா, வாசர் போயிடுச்சா?"

"வாசர் நல்லா இருக்கு. நான்தான் தப்பா சுத்திட்டேன்."

 சிங்காரம் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து அந்தப் பிளாக்கில் யாரும் கேட்டதில்லை. சிங்காரம் காலை மடக்கி சிங்குக்கு அடியில் நுழைந்தார். அவர் வந்தாலே செய்ய வேண்டியது இப்ராகிமின் மனைவிக்குப் பழகிப்போயிருந்தது. அவள் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தப் போனாள்.

"திறந்தே இருக்கட்டும்மா" என்றார் சிங்காரம், உள்ளே இருந்து.